தீசிஸ்ல ரெஃபரன்ஸ் ஒழுங்கா போடுறது எப்படி: புதுச்சேரி, கடலூர் பக்கம் ஆராய்ச்சிக்கு புதுசா வந்தவங்களுக்கு

பிஎச்டி தீசிஸ், பிஜி ப்ராஜெக்ட், ஜர்னல் பேப்பர், எதுவா இருந்தாலும் சரி, எழுதி முடிச்சப்புறம் கடைசி மாசத்துல ஆளைப் படுத்தி எடுக்குறது ரெஃபரன்ஸ் லிஸ்ட்டும் ஃபார்மட்டும்தான். எனக்கு இதை யாரும் உக்கார வெச்சு சொல்லிக் குடுக்கல, சீனியர்கிட்ட கேட்டா பழைய தீசிஸ் ஒண்ணை எடுத்துக் குடுத்து இதைப் பாத்துப் பண்ணிக்கோன்னு சொன்னாங்க, அந்த தீசிஸ்லயே மூணு விதமா போட்டிருந்தது. தட்டுத் தடுமாறிதான் கத்துக்கிட்டேன். காலாப்பட்டுலயோ அண்ணாமலை நகர்லயோ கடலூர்ல ஏதாவது காலேஜ்லயோ இப்பதான் ரிஜிஸ்டர் பண்ணியிருக்கவங்க இந்தக் கஷ்டம் படக்கூடாதுன்னுதான் எழுதுறேன். ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, ரெஃபரன்ஸ் வேலை கடைசியில செய்யுற வேலை கிடையாது, முதல் புத்தகத்தைத் திறக்குற அன்னைக்கே ஆரம்பிக்கணும்.

1. எந்த ஸ்டைல்னு முதல்ல எழுத்துல வாங்குங்க

ரிஜிஸ்ட்ரேஷன் முடிஞ்ச உடனே டிபார்ட்மென்ட் ஆபீஸ்ல தீசிஸ் கைட்லைன்ஸ் இருக்கான்னு கேளுங்க, யுனிவர்சிட்டி சைட்லயும் தேடுங்க. மார்ஜின் எவ்வளவு, லைன் ஸ்பேசிங் எவ்வளவு, எத்தனை காப்பி, அட்டை என்ன கலர், சர்டிஃபிகேட் பக்கத்துல என்ன வாசகம், எல்லாம் அதுலதான் இருக்கும். அதுல சைட்டேஷன் ஸ்டைல், அதாவது ஆதாரம் காட்டுற முறை, போட்டிருந்தா அதுதான் வேதம். போடலைன்னா கைடுகிட்ட கேட்டு, அவர் சொன்னதை ஒரு மெயில்ல எழுதி அனுப்பிடுங்க, "நீங்க சொன்னபடி ஏபிஏ ஏழாவது பதிப்பு ஃபாலோ பண்றேன் சார்"னு ஒரு வரி போதும். நடுவுல டாக்டோரல் கமிட்டி மெம்பர் ஒருத்தர் வேற ஸ்டைல் கேட்டாருன்னா காட்டுறதுக்கு அது உதவும்.

பொதுவா சோஷியல் சயின்ஸ், கல்வியியல், சைக்காலஜிக்கு ஏபிஏ, அது ஏழாவது பதிப்பு, 2019 கடைசியில வந்தது. இங்கிலீஷ் இலக்கியத்துக்கு எம்எல்ஏ, ஒன்பதாவது பதிப்பு, 2021. வரலாறுக்கு சிகாகோ, அடிக்குறிப்போட. இன்ஜினியரிங்னா ஐ ட்ரிபிள் ஈ, மெடிக்கல் பக்கம் வான்கூவர், இந்த ரெண்டும் நம்பர் ஸ்டைல். தமிழ்த் துறைன்னா துறைக்குத் துறை ஒரு பழக்கம் இருக்கும், அங்க கண்டிப்பா கேட்டுதான் ஆரம்பிக்கணும்.

பதிப்பு நம்பரையும் கேளுங்க. ஏபிஏ ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நிறைய மாறிருக்கு. ஏழாவதுல பதிப்பகத்தோட ஊர் பேரு போட வேண்டாம். மூணு பேர் அல்லது அதுக்கு மேல எழுதுன கட்டுரைன்னா அத்தியாயத்துக்குள்ள முதல் தடவையே "முதல் ஆள் மற்றும் பிறர்"னு சுருக்கிடலாம். கடைசி லிஸ்ட்ல 20 பேர் வரைக்கும் முழுசா எழுதணும். லைப்ரரியில இருக்குற 2015 தீசிஸைப் பாத்து காப்பி அடிச்சா ஆறாவது பதிப்பு வழக்கம்தான் கைக்கு வரும், நிறைய பேர் மாட்டுறது இங்கதான்.

2. புத்தகத்தைத் திறந்த உடனே போட்டோ எடுங்க

இதுக்கு செலவு பைசா கிடையாது, ஆனா இதைச் செய்யாததாலதான் கடைசியில பஸ் ஏறி திரும்ப லைப்ரரிக்கு ஓட வேண்டியிருக்கும். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதல்ல தலைப்புப் பக்கம், அடுத்து அதோட பின்பக்கம், அதுக்கப்புறம் நீங்க குறிப்பு எடுக்குற பக்கம், பக்க எண் தெரியுற மாதிரி. மூணும் போன்ல வரிசையா இருந்துட்டா எப்பவும் தேடலாம். அட்டையை எடுத்தா பத்தாது, அட்டையில ஆண்டு இருக்காது, சில சமயம் தலைப்பே சுருக்கி இருக்கும்.

பின்பக்கத்தைக் கொஞ்சம் நிதானமா படிங்க. "முதற்பதிப்பு 1968, மறுபதிப்பு 2004"னு இருந்தா ரெண்டையும் குறிச்சுக்கணும், ஏன்னா உங்க கையில இருக்குறது 2004 காப்பி, பக்க எண் அதுக்குதான் பொருந்தும், ஆனா கருத்து 1968 காலத்துது. மறு அச்சு வேற, திருத்திய பதிப்பு வேற. திருத்திய இரண்டாம் பதிப்புன்னா அதை ரெஃபரன்ஸ்ல சொல்லணும், சும்மா மறு அச்சுன்னா தனிப் பதிப்பா எண்ண வேண்டாம்.

பழைய தமிழ்ப் புத்தகத்துல ஆண்டு வேற மாதிரி இருக்கும். திருவள்ளுவர் ஆண்டு போட்டிருந்தா 31 கழிச்சுக்கோங்க, தி.ஆ. 2030னா 1999. இன்னும் பழசுன்னா பிரபவ, விபவன்னு வருஷப் பேருதான் இருக்கும், அது 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும், பிரபவ 1867, 1927, 1987 மூணுலயும் வந்திருக்கு. தாளு, அச்சகத்தோட பேரு, முன்னுரையில வர்ற சம்பவம் இதெல்லாம் வெச்சு எந்த சுத்துன்னு முடிவு பண்ணணும். சித்திரையில ஆரம்பிக்கறதால தை, மாசி, பங்குனியில வந்த புத்தகம்னா ஆங்கில ஆண்டு ஒண்ணு தள்ளிப் போயிடும், அதையும் மறக்காதீங்க. நீங்களா கண்டுபிடிச்ச ஆண்டுன்னா சதுர அடைப்புக்குள்ள போடுங்க.

ரோமன் ரோலண்ட் நூலகம், செயின்ட் லூயி தெருவுல இருக்குற பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் மாதிரி இடத்துக்குப் போறதுக்கு முன்னாடி போன் பண்ணி நேரம், லீவு, உள்ள போட்டோ எடுக்கலாமான்னு கேட்டுக்கோங்க. ஐடி கார்டு, கைடு கையெழுத்து போட்ட லெட்டர், ஆதார் ஜெராக்ஸ் மூணும் பையில எப்பவும் இருக்கட்டும். கடலூர்ல இருந்து பஸ் ஏறி வந்து லெட்டர் இல்லாம திரும்புறது ஒரு நாள் வேஸ்ட்.

3. ஸோட்டீரோ இன்ஸ்டால் பண்ணுங்க, காசு குடுக்காதீங்க

ரெஃபரன்ஸ் மேனேஜர் சாஃப்ட்வேர்ல ஸோட்டீரோ ஃப்ரீ. மென்டலேவும் ஃப்ரீதான், ஆனா நான் ஸோட்டீரோதான் சொல்லுவேன், ஓப்பன் சோர்ஸ், தமிழ் யூனிகோடும் ஒழுங்கா ஏத்துக்கும். லேப்டாப்ல சாஃப்ட்வேர், ப்ரவுசர்ல கனெக்டர், இந்த ரெண்டையும் போட்டுட்டு வேர்டைத் திறந்தா மேல ஸோட்டீரோன்னு ஒரு டேப் வந்திருக்கும். ஜர்னல் கட்டுரை பக்கத்துல நின்னு கனெக்டரை க்ளிக் பண்ணா தலைப்பு, ஆசிரியர், தொகுதி, இதழ் எண், டிஓஐ (அந்தக் கட்டுரைக்கே உரிய நிரந்தர ஆன்லைன் எண்) எல்லாம் தானா உள்ள வந்துடும்.

செலவு விஷயம் ஒண்ணு இருக்கு. ஆன்லைன்ல பிடிஎஃப் சேமிக்க ஃப்ரீயா 300 எம்பிதான் குடுப்பாங்க, ஸ்கேன் பண்ண பழைய புத்தகம் நாலு போட்டா தீந்துடும், அப்புறம் காசு கேக்கும். செட்டிங்ஸ்ல ஃபைல் சிங்க்கை மட்டும் ஆஃப் பண்ணிட்டு டேட்டா சிங்க்கை ஆன்ல விடுங்க, ரெஃபரன்ஸ் விவரத்துக்கு லிமிட் கிடையாது. பிடிஎஃப்-ஐ லேப்டாப்லயும் ஒரு பென்டிரைவ்லயும் வெச்சுக்கோங்க. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் வந்தப்ப புதுச்சேரி, கடலூர் வீதியெல்லாம் தண்ணி நின்னது நமக்குத் தெரியும், ஐப்பசி கார்த்திகையில சப்மிட் பண்ண இருக்கவங்க ஒரே லேப்டாப்பை நம்பி இருக்காதீங்க, இன்னொரு காப்பி வேற வீட்டுல இருக்கணும்.

தானா வர்ற விவரத்தை அப்படியே நம்பக்கூடாது, இது முக்கியம். தலைப்பு முழுக்க கேப்பிடல் எழுத்துல வரும், ஆசிரியர் பேரு தலைகீழா வரும், ஆண்டு இடத்துல வெப்சைட்ல ஏத்துன ஆண்டு வரும். ஒவ்வொண்ணையும் உள்ள வந்த அன்னைக்கே கட்டுரையோட முதல் பக்கத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பாத்துடுங்க. ஒண்ணுக்கு ரெண்டு நிமிஷம் ஆகும், 300 ரெஃபரன்ஸ் சேந்தப்புறம் பாக்கலாம்னு விட்டா பத்து மணி நேரம்.

4. இனிஷியல், அப்பா பேரு, தமிழ் அகர வரிசை

இந்த ஸ்டைல் எல்லாம் குடும்பப் பேரு இருக்குறவங்களுக்காக செஞ்சது. நம்ம ஆளுங்களுக்கு குடும்பப் பேரு கிடையாது, இனிஷியல்தான். அதனால விதி என்னன்னா, சொந்தப் பேரு முன்னாடி, கமா, இனிஷியல் பின்னாடி. சாஃப்ட்வேர் சில சமயம் இனிஷியலை குடும்பப் பேருன்னு நெனச்சு "கே, ராஜேஷ்"னு போட்டுடும், அப்புறம் அகர வரிசையில அது கே-வுக்குக் கீழ போய் உக்காந்துக்கும். கூகுள் ஸ்காலர்ல இருந்து காப்பி பண்ற சைட்டேஷன்ல இதை நிறைய பாத்திருக்கேன். ஸோட்டீரோவுல ஆசிரியர் கட்டத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன பட்டன் இருக்கும், அதை அமுக்குனா ரெண்டு கட்டம் ஒண்ணாகிடும், அமைப்புகளோட பேரு, புனைபெயர், பிரிக்கக் கூடாத புலவர் பேரு இதெல்லாம் அந்த ஒத்தைக் கட்டத்துலதான் போடணும்.

தமிழ் லிஸ்ட்டை வரிசைப்படுத்துறதுல ஒரு பெரிய பொறி இருக்கு. கம்ப்யூட்டர்ல எழுத்தோட யூனிகோட் எண் வரிசை நம்ம அரிச்சுவடி வரிசை இல்ல. யூனிகோட்ல ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்கு அடுத்து ள, ழ அப்புறம்தான் வ. நாம படிச்சது ய ர ல வ ழ ள ற ன. ஜ-வும் ச-வுக்குப் பக்கத்துலயே வந்துடும், நம்ம பழக்கத்துல ஜ, ஷ, ஸ, ஹ கடைசி. அதனால சாஃப்ட்வேர் வரிசைப்படுத்துனதை பிரிண்ட் எடுத்து பென்சிலோட உக்காந்து ஒரு தடவை கண்ணால பாருங்க, தமிழ்ப் பேராசிரியர் கண்ணுல இது முதல்ல படும். தமிழ் நூல், ஆங்கில நூல் தனித்தனியா பிரிக்கணுமான்னும் கைடுகிட்ட கேட்டுக்கோங்க.

இன்னொண்ணு, தமிழ் தீசிஸ்ல சாஃப்ட்வேர் "அண்ட்", "எட் ஆல்"னு இங்கிலீஷ்ல போட்டுடும். எல்லா வேலையும் முடிஞ்சப்புறம் ஃபைலை இன்னொரு பேர்ல சேவ் பண்ணி, அந்தக் காப்பியில மட்டும் அன்லிங்க் சைட்டேஷன்ஸ் குடுத்துட்டு மாத்துங்க. ஒரிஜினல்ல அன்லிங்க் பண்ணிட்டா சாஃப்ட்வேரோட தொடர்பு போச்சு, அப்புறம் ஒரு ரெஃபரன்ஸ் சேக்கணும்னாகூட கையால எல்லாத்தையும் தள்ளணும்.

5. நம்ம ஊர் ஆதாரங்கள்

பாடப்புத்தகத்துல சொல்லித் தர்ற மாதிரி எல்லா ஆதாரமும் ஒரு ஆசிரியர், ஒரு ஆண்டு, ஒரு பதிப்பகம்னு அமையாது. புதுச்சேரி வரலாறு பண்றவங்க யாரும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைத் தொடாம போக முடியாது. அதோட ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதி, 1904-ல இருந்து 1928 வரைக்கும் சென்னையில வந்தது. முதல் மூணு தொகுதிக்குப் பதிப்பாசிரியர் ப்ரைஸும் ரங்காச்சாரியும், நாலுல இருந்து டாட்வெல். எல்லாத்துக்கும் ஒரே பதிப்பாசிரியர் பேரைப் போட்டுடறது சாதாரணமா நடக்குது, அது தப்பு. தொகுதி வாரியா ஸோட்டீரோவுல தனித்தனி என்ட்ரி போடுங்க, பதிப்பாசிரியர், அந்தத் தொகுதி வந்த ஆண்டு ரெண்டும் மாறும். மேற்கோள் காட்டும்போது தொகுதி, பக்கம், அதோட நாட்குறிப்புத் தேதியையும் குடுங்க, தமிழ் மூலத்தை வெச்சிருக்குறவங்களும் தேடிப் பாக்கலாம். வேற ஒருத்தர் புத்தகத்துல எடுத்துப் போட்டிருந்த பகுதியைத்தான் படிச்சீங்கன்னா, "அவர் மேற்கோள் காட்டியபடி"ன்னு அந்தப் புத்தகத்தையே சொல்லுங்க. மூலத்தைப் பாக்காம மூலத்தோட பக்க எண்ணைப் போடாதீங்க, வைவாவுல, அதாவது வாய்மொழித் தேர்வுல, ஒரே கேள்வியில தெரிஞ்சுடும்.

கடலூர் பத்தி பழைய ஆவணம்னா தென்னாற்காடுன்னுதான் இருக்கும், 1993-லதான் கடலூர் தனி மாவட்டம் ஆச்சு. பிரான்சிஸ் எழுதுன 1906 கெஸட்டியரை சைட் பண்ணும்போது தலைப்புல "சவுத் ஆற்காடு"ன்னு இருக்குறதை கடலூர்னு மாத்தக் கூடாது. அதே மாதிரி 2006-க்கு முன்னாடி வந்த புத்தகத்துல பாண்டிச்சேரின்னு அச்சாகியிருந்தா ரெஃபரன்ஸ்ல பாண்டிச்சேரிதான். உங்க சொந்த வாக்கியத்துல புதுச்சேரின்னு எழுதிக்கோங்க.

சங்க இலக்கியம், குறள் எல்லாம் பக்க எண்ணை விட பாட்டு எண்தான் முக்கியம், புறநானூறு 192, அடி இத்தனைன்னு. அதோட எந்த உரை, எந்தப் பதிப்புன்னு கடைசி லிஸ்ட்ல வரணும், பாடவேறுபாடு பதிப்புக்குப் பதிப்பு இருக்கு. பழைய தமிழ் நூலை ஆன்லைன்ல தர்ற மதுரைத் திட்டத்துல இருந்து எடுத்திருந்தா அதையே சொல்லுங்க, அச்சுப் புத்தகத்தைப் பாத்த மாதிரி எழுதாதீங்க.

பேப்பர் செய்தின்னா தேதியோட எந்த ஊர் பதிப்புன்னும் போடுங்க, சென்னை பதிப்புல உள்பக்கத்துல வந்த செய்தி புதுச்சேரி பதிப்புல முதல் பக்கத்துல வந்திருக்கும்.

தேவனாம்பட்டினத்துலயோ முதுநகர்லயோ மீனவர்கிட்ட நேர்காணல் எடுத்திருந்தீங்கன்னா, ஏபிஏ படி உங்க ஆய்வுல பங்கெடுத்தவங்க பேச்சு ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல வராது, வாக்கியத்துக்குள்ளயே இன்னார் சொன்னதுன்னு வரும், பேரை மறைக்கணும்னா ஒரு குறியீடு குடுங்க. நாட்டுப்புறவியல் பக்கம் தகவலாளர் பட்டியல்னு பின்னிணைப்புல பேரு, வயசு, ஊரு, தேதி கேப்பாங்க, அதுக்கு அவங்ககிட்ட சம்மதம் அன்னைக்கே வாங்கிடணும், ரெண்டு வருஷம் கழிச்சுப் போய் தேடுனா ஆளு கடலுக்குப் போயிருப்பாரு, இல்ல ஊரையே மாத்தியிருப்பாரு.

6. ஏஐ குடுக்குற ரெஃபரன்ஸ்

இதைத் தனியா சொல்றேன். சாட் ஏஐ கிட்ட "இந்தத் தலைப்புல பத்து கட்டுரை குடு"ன்னு கேட்டா அழகா குடுக்கும், ஆசிரியர், ஜர்னல், பக்க எண் எல்லாம் இருக்கும், தேடிப் பாத்தா சிலது உலகத்துலயே இருக்காது. டிஓஐ இருந்தா அதை டிஓஐ சைட்ல போட்டு அந்தக் கட்டுரைதான் திறக்குதான்னு பாருங்க, இல்லன்னா டிஓஐ பதிவு பண்ற க்ராஸ்ரெஃப் சைட்ல தலைப்பை வெச்சுத் தேடுங்க, ரெண்டும் ஃப்ரீ. நீங்க திறந்து படிக்காத எதுவும் லிஸ்ட்ல வரக்கூடாது.

7. வேர்ட்ல செய்ய வேண்டியது

பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல டைப் பண்ணாதீங்க, டைப் பண்ணிக் குடுக்குற கடையிலயும் யூனிகோட்தான் வேணும்னு முதல்லயே சொல்லிடுங்க. பாமினியில பாக்க தமிழா இருந்தாலும் உள்ள இங்கிலீஷ் எழுத்துதான் இருக்கும், தேட முடியாது, ஸோட்டீரோ குடுக்குற தமிழோட ஒட்டாது. ஏற்கனவே டைப் ஆயிடுச்சுன்னா என்ஹெச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒண்ணுல மாத்திட்டு, க்ரந்த எழுத்தும் ஒற்றும் சரியா வந்திருக்கான்னு ஒரு தடவை படிங்க.

தலைப்புக்கெல்லாம் கையால போல்ட் பண்ணாம ஹெடிங் 1, ஹெடிங் 2 ஸ்டைல் குடுங்க, பொருளடக்கம் தானா வரும். ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல ரெண்டாவது வரி உள்ள தள்ளி வரணும், ஸ்பேஸ் தட்டித் தள்ளாதீங்க, செலக்ட் பண்ணி கன்ட்ரோல் டி (Ctrl+T), அவ்வளவுதான். முன்பக்கங்களுக்கு ரோமன் எண், அத்தியாயத்துக்கு 1, 2, 3ன்னு வேணும்னா நடுவுல செக்ஷன் பிரேக் போட்டு, லிங்க் டு ப்ரீவியஸை எடுத்து விட்டாதான் வரும். பைண்டிங் பண்றதால இடது மார்ஜின் ஒன்றரை இன்ச் விடுறது வழக்கம்.

மேற்கோள் நீளமா இருந்தா, ஏபிஏவுல 40 வார்த்தை அல்லது அதுக்கு மேலன்னா தனிப் பத்தியா உள்ள தள்ளி, மேற்கோள் குறி இல்லாம. எம்எல்ஏவுல உரைநடை நாலு வரிக்கு மேல, செய்யுள் மூணு வரிக்கு மேல போனா அப்படி.

8. சிமிலாரிட்டி செக்

உங்க தீசிஸ் மத்தவங்க எழுதுனதோட எத்தனை சதவீதம் ஒத்துப் போகுதுன்னு சாஃப்ட்வேர்ல பாக்குறதுதான் இது. யூஜிசி 2018-ல ஒரு ரெகுலேஷன் கொண்டு வந்துச்சு, அதுதான் இப்ப கணக்கு. 10 சதவீதம் வரைக்கும் தண்டனை இல்ல. 10-ல இருந்து 40 வரைக்கும்னா ஆறு மாசத்துக்குள்ள திருத்திக் குடுக்கணும். 40-ல இருந்து 60னா ஒரு வருஷத்துக்கு திருத்தின தீசிஸ் குடுக்கவே முடியாது. 60-க்கு மேல போனா ரிஜிஸ்ட்ரேஷனே ரத்து. முறையா ஆதாரம் காட்டின மேற்கோள், ரெஃபரன்ஸ் லிஸ்ட், பொருளடக்கம், நன்றியுரை, பொதுவான சொற்கள், சட்டங்கள், சமன்பாடுகள், 14 வார்த்தை வரைக்கும் தொடர்ச்சியா தற்செயலா ஒத்துப் போறது, இதெல்லாம் கணக்குல வராது. ஆனா மெஷின் தானா விடாது, செக் பண்றவர் எக்ஸ்க்ளூட் ஆப்ஷன் போட்டுதான் ஓட்டணும். ரிப்போர்ட் வந்ததும் அது போட்டிருக்கான்னு மரியாதையா கேளுங்க.

செக் பண்றது உங்க யுனிவர்சிட்டி லைப்ரரி வழியாதான் நடக்கும், எத்தனை தடவை பண்ணித் தருவாங்க, எத்தனை நாள் ஆகும், ஃபீஸ் உண்டான்னு ஆறு மாசம் முன்னாடியே விசாரிச்சு வைங்க. சப்மிஷன் கடைசி தேதி நெருங்கும்போது எல்லா ஸ்காலரும் ஒரே வாரத்துல வந்து நிப்பாங்க. முழு தீசிஸும் முடியட்டும்னு காத்திருக்காம இலக்கிய மீளாய்வு அத்தியாயத்தை மட்டும் முதல்ல செக் பண்ண முடியுமான்னு கேளுங்க, பிரச்சனை வர்றது பெரும்பாலும் அங்கதான். சதவீதம் குறைச்சுத் தர்றோம்னு காசு கேக்குறவங்க பக்கம் போகாதீங்க. அவங்க வார்த்தைக்கு வார்த்தை மாத்திக் குடுப்பாங்க, கலைச்சொல் எல்லாம் குலைஞ்சு போயிருக்கும், உங்க ஆய்வையே உங்களால வைவாவுல விளக்க முடியாம போகும். மூலப் புத்தகத்தை மூடி வெச்சுட்டு, படிச்சதை உங்க வாயால நண்பர்கிட்ட சொல்லிப் பாத்துட்டு அதை எழுதுங்க, அப்புறம் மூலத்தோட ஒப்பிட்டு ஆதாரம் போடுங்க. நல்ல பாராஃப்ரேஸ் அப்படித்தான் வருது.

9. பிரிண்ட், பைண்டிங், அப்லோட்

வேர்ட் ஃபைலை எடுத்துக்கிட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போகாதீங்க. அங்க இருக்குற சிஸ்டத்துல உங்க ஃபான்ட் இருக்காது, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்னு பிரியும், வரி தள்ளி பக்க எண் மாறிடும், பொருளடக்கம் மொத்தமும் தப்பாயிடும். வீட்டுலயே கன்ட்ரோல் ஏ, எஃப் 9 தட்டி எல்லாத்தையும் அப்டேட் பண்ணி, பிடிஎஃப் ஆக்கி, அந்த பிடிஎஃப்-ஐ போன்ல திறந்து பாத்து சரியா தெரிஞ்சாதான் கிளம்புங்க.

ரேட்டு கடைக்குக் கடை மாறும், நாலு கடையில கேளுங்க. பக்கத்துக்கு ஒரு ரூபா வித்தியாசம்னாலே 200 பக்கம், 5 காப்பிக்கு ஆயிரம் ரூபா ஆச்சு. கலர் படம் இருக்குற பக்கங்களோட எண்ணைத் தனியா ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, இல்லன்னா மொத்தத்தையும் கலர்ல ஓட்டி பில் போட்டுடுவாங்க. முதல்ல ஒரே ஒரு காப்பி எடுத்து, ஒவ்வொரு தாளா திருப்பிப் பாத்து, அத்தியாயத்துக்குள்ள வர்ற ஒவ்வொரு சைட்டேஷனும் கடைசி லிஸ்ட்ல இருக்கா, லிஸ்ட்ல இருக்குறது எல்லாம் உள்ள எங்கயாவது வருதான்னு டிக் அடிச்சுட்டு வாங்க. அதுக்கப்புறம்தான் மீதி காப்பி. தங்க எழுத்து அடிச்ச அட்டைன்னா பைண்டிங்குக்கு ஒரு நாள் பத்தாது, தீபாவளி, பொங்கலை ஒட்டி இன்னும் இழுக்கும், கைடு, ஹெச்ஓடி கையெழுத்துக்கும் நாள் விட்டு வைங்க.

பிஎச்டின்னா சோத்கங்காவுல (இந்திய தீசிஸ்களைச் சேத்து வெக்கிற ஆன்லைன் களஞ்சியம்) ஏத்துறதுக்கு தலைப்புப் பக்கம், சர்டிஃபிகேட், ஒவ்வொரு அத்தியாயம், நூற்பட்டியல்னு தனித்தனி பிடிஎஃப் கேப்பாங்க. பிரிண்டுக்கு ஆக்குன அதே நாள்ல அதையும் பிரிச்சு, 01, 02ன்னு எண் குடுத்து ஒரு ஃபோல்டர்ல போட்டு வெச்சுடுங்க, கையெழுத்து போட்ட சர்டிஃபிகேட் பக்கத்தை மட்டும் ஸ்கேன் பண்ணி அதுல சேருங்க.